உப்பளத்து ஆள்காட்டி

ஏதென்ஸிலிருந்து பறவை பார்க்கக் கிளம்பி வருகிற கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. பார்க்காத பறவையைப் பார்த்தேன் என்று எவனாவது அளந்தால், "சும்மா மிர்சினி விடாதே" என்பார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு மிர்சினி என்பது ஆளா ஊரா என்றுகூடத் தெரியாது. அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவள் லெஸ்வோஸ் தீவில் கலோனி வளைகுடாக் கரையில் உயிரோடு இருக்கிறாள் என்பதும், சில சமயம் அவர்கள் உட்கார்ந்திருக்கும் வேனை ஓட்டுவதே அவள்தான் என்பதும் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது! மிர்சினி இரண்டு முறை தன் முதுகுக்குப் பின்னாலேயே அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் வண்டியை நிறுத்தி அத்தனை பேரையும் நடுவழியில் இறக்கிவிடலாமா என்று தோன்றியது. இறக்கவில்லை. அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திட்ட வேண்டிய ஆள் ஏதென்ஸில் இருந்தான்.

அந்த ஆளின் பெயர் லெயாந்த்ரோஸ் கர்வேலாஸ்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன், மிர்சினிக்கு இருபத்தொரு வயது. அப்பா உப்பளத்தில் கூலி. அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் உப்பளத்துப் பறவைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு ஏப்ரல் காலையில் மேற்குக் கரையில் வெள்ளைவால் ஆள்காட்டி ஒன்றைப் பார்த்தாள். மத்திய ஆசியாவில் இருக்க வேண்டிய பறவை. எப்போதாவது ஒன்று திசைமாறி இந்தப் பக்கம் வந்து விழும். நீண்ட மஞ்சள் கால், பழுப்பு உடம்பு, பறந்தால் பளீரென்று வெள்ளை வால். முக்கால் மணி நேரம் கண்குளிரப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவின் விடுதிக்கு ஓடி, அங்கே கூடத்தில் கிடந்த பெரிய நோட்டில் எழுதினாள். அந்த நோட்டில் யார் வேண்டுமானாலும் பார்த்ததை எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிக்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

லெயாந்த்ரோஸ் அப்போது அதே விடுதியில் தங்கியிருந்தான். அரிய பறவைகள் பற்றித் தீர்ப்புச் சொல்லும் ஏதென்ஸ் குழுவுக்கு இளம் செயலாளர். அந்த ஆள்காட்டியைத் தேடியே பத்து நாளாகக் கால் தேய அலைந்தவன். தனக்குக் கிடைக்காதது உப்பளக் கூலியின் மகளுக்குக் கிடைத்துவிட்டது என்றால் அவனால் தாங்க முடியுமா? சிவப்பு மைப் பேனாவை எடுத்தான், அவளுடைய வரியை அடித்தான், பக்கத்தில் 'கற்பனை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஊருக்குப் போய், "சித்தப்பாவின் அறைகளை நிரப்ப இல்லாத பறவையை விற்கும் மிர்சினி" என்று பறவை பார்ப்போர் சங்கத்தின் இதழில் கேலிக் கட்டுரை எழுதினான். அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் எல்லோரும் அவள் பெயரை வாயில் போட்டு மென்றார்கள். வழிகாட்டி வேலை தருவதாகச் சொல்லியிருந்த சுற்றுலாக்காரர்கள், வர வேண்டாம் என்று கடிதம் போட்டார்கள். மிர்சினி மத்தி மீன் உப்பு போடும் கொட்டகைக்குப் போய்ப் பதினோரு வருடம் மீன் தலை கிள்ளினாள். இடையில் லெயாந்த்ரோஸ் வடக்கே ஓர் ஆற்று முகத்துவாரத்தில், தன்னந்தனியாக, ஒரு வெள்ளைவால் ஆள்காட்டியைப் பார்த்ததாக எழுதினான். அவனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதையெல்லாம் மறக்கிற ஜாதி இல்லை மிர்சினி. மீன் தலையைக் கிள்ளும்போதெல்லாம் கறுவிக்கொண்டேதான் கிள்ளினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய நோட்டு இன்னும் விடுதி அலமாரியில்தான் இருந்தது. அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அதே கையால், 'நான் பார்க்காமலே அடித்தேன்' என்று அவன் எழுத வேண்டும்.

பிற்பாடு ஊர்க்காரர்கள் தயவில் வழிகாட்டி வேலைக்குத் திரும்பினாள். ஆனால் ஒரு பழக்கத்தோடு திரும்பினாள். எந்தப் பறவையின் பெயரையும் அவள் முதலில் சொல்ல மாட்டாள். தொலைநோக்கியை நிறுத்துவாள், குறி பார்ப்பாள், ஒதுங்கி நிற்பாள். வந்தவர்களே பார்த்து, அவர்களே பெயர் சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்தில் அவளுடைய தொலைநோக்கி ஒரு தடவைகூட வெறும் மண்ணைக் காட்டியதில்லை. 'மிர்சினி நிறுத்தினால் அங்கே பறவை இருக்கும்' என்று தீவு முழுக்கப் பேச்சு.

இந்த ஏப்ரலில் ஒருநாள் இக்னாத்திஸ் வந்து நின்றான். சித்தப்பா மகன், விடுதி இப்போது அவன் கையில்.

"மிர்சினிக்கா, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கத்து. ஏதென்ஸ்லேருந்து எட்டுப் பேர் வர்றாங்க. வழக்கமா வர்ற வழிகாட்டி மடத்துப் படியில விழுந்து கால ஒடச்சுக்கிட்டான். நீதான் வண்டி எடுக்கணும்."

"எடுக்கறேன். இதுல கத்தறதுக்கு என்ன இருக்கு?"

"கூட்டத்துக்குத் தலைவர் லெயாந்த்ரோஸ்."

மிர்சினி கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். "எத்தனை மணிக்குக் கப்பல்?" என்றாள்.

துறைமுகத்தில் அவனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வந்தார். ஆமாம், இனி 'ர்' போட்டுத்தான் சொல்ல வேண்டும்; இப்போது அந்தக் குழுவுக்கே தலைவர். வெட்கம், தயக்கம் ஒன்றும் இல்லை. பார்த்தவுடன் இரண்டு கையையும் விரித்தார்.

"அடடே! நம்ம ஆள்காட்டிப் பொண்ணு! நீயா வண்டி ஓட்டறே? மக்களே, இங்க பாருங்க. மிர்சினி மிர்சினின்னு சொல்லுவோமே, அந்த மிர்சினி இவதான். சாட்சாத் இவளேதான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேமராவும் கையுமாக இருந்த சரந்தோஸ் என்ற எஞ்சினீயர், "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று பல்லைக் காட்டினார். மிர்சினி பெட்டிகளைத் தூக்கி வண்டியில் அடுக்கினாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த ஆள் ஒரு ராத்திரியாவது தூங்காமல் புரண்டிருப்பார் என்று ஏதோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள். அவருக்கு அது வெறும் வேடிக்கைக் கதை!

சிரிக்காத ஒரே ஆள், எழுபத்துநாலு வயது பொலிக்சேனி. ஓய்வுபெற்ற பல் டாக்டர். "இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குப் புரியல" என்று சொல்லிவிட்டு மிர்சினிக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். எள் ஒட்டிய ரொட்டி வளையத்தை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நீட்டினார். ஊர் போய்ச் சேர்வதற்குள் தன் கதையையும் சொல்லிவிட்டார். இடது கண்ணில் நடுப்பகுதி மங்கிவிட்டது. வலது கண் இன்னும் தேவலாம். ஆனால் அதுவும் ஒருநாள் சட்டென்று மங்கலாம் என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். தனியாகத்தான் இருக்கிறார்; மகன் வந்துவிடு வந்துவிடு என்று பிடுங்குகிறான்.

"அவன் வீட்டுல போய் மருமக வெக்கிற எடத்துல உக்காரணுமா? கண்ணு தெரியற வரைக்கும் என் வீட்டுலதான்" என்றார்.

மிர்சினிக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

மூன்று நாள் ஓடியது. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், விடுதிக் கூடத்தில் பட்டியல் வாசிப்பார்கள். லெயாந்த்ரோஸ் ஒவ்வொரு பறவையின் பெயராகச் சொல்லுவார். அன்று பார்த்தவர்கள் "உண்டு" என்பார்கள். எல்லாப் பறவைக்கும் முதல் "உண்டு" அவருடையதுதான். மலைச்சரிவில் ஒரு குருவி புதருக்குள் பாய்ந்ததை வேறு யாரோதான் பார்த்தார்கள். அவர் அப்போது வேனுக்குள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டியலில் அதற்கும் முதல் "உண்டு" அவரே. மிர்சினி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனிதருக்குப் பார்க்கவில்லை என்று சொல்ல நாக்கு வராது என்பது அவளுக்கு அப்போதே உறைத்தது.

மூன்றாம் நாள் மாலை அவள் தனியாக உப்பளத்துப் பக்கம் வண்டியை ஓட்டிவந்தாள். வாய்க்காலுக்கு அப்பால், கடைசி வரப்பின் மேல், பழுப்பு உடம்பும் மஞ்சள் காலுமாக ஒன்று நின்றது. இருபத்தேழு வருடம் கழித்து, அதே இடத்தில்! வேலிக்குள் போக யாருக்கும் அனுமதி கிடையாது. ஆனால் காவல்காரர் அப்பாவோடு வேலை செய்தவர். கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். நாற்பதடி தூரத்தில் உண்மை தெரிந்தது. உடைந்த மண்ஜாடி ஒன்று, சேற்றில் குத்தி நின்ற இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளின் மேல் சாய்ந்து கிடந்தது.

அவள் அதைத் தொடவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நடை மட்டும் வேகமாகிக்கொண்டே போனது.

மறுநாள் அவர்களைக் காலை ஒன்பதரைக்கு உப்பளத்துக்குக் கூட்டிவந்தாள். வெயில் ஏறி, பாத்திகளுக்கு மேலே கானல் அலையடிக்கும் நேரம். அந்த நேரத்தில் கல்லும் கழுத்தைத் திருப்பும், கட்டையும் நடக்கும். சாலையோரம் தொலைநோக்கியை நிறுத்தினாள். ஜாடியைக் குறி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னது அது?" என்றார் லெயாந்த்ரோஸ்.

மிர்சினி தோளைக் குலுக்கினாள். "நான் பேர் சொல்றதில்லைங்க. என் பேச்சு எடுபடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்தார். மஞ்சள் கால். பழுப்பு உடம்பு. கானலில் அது லேசாக ஆடியது. இவள் இருபத்தேழு வருடத்துக்கு முன் எதைப் பார்த்ததாகச் சொன்னாளோ, அதே கரை. மிர்சினி அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத் தெரியவில்லை என்று ஒருவேளை சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது.

"வெள்ளைவால் ஆள்காட்டி!" என்று கத்தினார். "வெள்ளைவால் ஆள்காட்டிதான்! வரிசையா வாங்க, ஒவ்வொருத்தரா. இறகு கோதுது பாருங்க!"

வரிசையாக வந்தார்கள். "ஆமா, தெரியுது." "அடடா, கால் என்ன மஞ்சள்!" "இப்பத் தலையத் திருப்பிச்சு." ஆறு பேரும் பார்த்துவிட்டார்கள். தலைவர் பார்த்தாயிற்று, முன்னால் நின்றவர் பார்த்தாயிற்று, அதன் பிறகு எனக்குத் தெரியவில்லை என்று எவர் சொல்லுவார்? சரந்தோஸ் நாற்பது படம் எடுத்தார். நாற்பதிலும் மஞ்சள் கால் வைத்த ஒரு பழுப்புக் கறை.

கடைசியாகப் பொலிக்சேனி. வலது கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"எனக்குப் பறவை தெரியலையே. ஏதோ மொட்டையா, அசையாம இருக்கு."

"அசையாமலா? இப்பத்தானே கொஞ்ச தூரம் பறந்து உக்காந்துச்சு!" என்றார் லெயாந்த்ரோஸ். "வெள்ளை வால் அப்படியே பளீர்னு விரிஞ்சுது. நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன் டாக்டரம்மா" என்றார் சரந்தோஸ்.

பொலிக்சேனி இன்னொரு முறை குனிந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் வெளிறியிருந்தது. போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மிர்சினி அதைப் பார்க்காமல் இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? கானலில் கண் ஏமாந்துவிட்டது என்று லெயாந்த்ரோஸ் ஹா ஹா என்று சிரித்துத் துடைத்துப் போட்டுவிடுவார். பட்டியலில் ஏற வேண்டும், எழுத்தில் வர வேண்டும், கையெழுத்து விழ வேண்டும். இன்னும் ஒன்பது மணி நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் பைன் காட்டு நிழலில் சாப்பாடு. லெயாந்த்ரோஸ் ஓயாமல் போனில் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தார். கூனைப்பூவும் பச்சை மொச்சையும் வேகவைத்தது தட்டில் ஆறிக் கிடக்க, பொலிக்சேனி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். மிர்சினி தண்ணீர் கொண்டுபோனாள். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லாத அழுகை.

"மிர்சினி, நீ சொல்லும்மா. அங்க பறவை இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல மிர்சினி வாயெடுத்தாள். வெளியே லெயாந்த்ரோஸின் குரல் கேட்டது. "இல்லப்பா, மிர்சினி விடல, நெசமாவே பாத்தேன்! மிர்சினியோட வண்டியில வந்து மிர்சினி விடாமப் பாத்த மொத ஆளு நான்தான்!" என்று போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் பறவை பத்திப் பேசறதில்லையே டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மிர்சினி. தண்ணீரை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

மற்றவர்களை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு, நாலு மணிக்கு அவள் உப்பளத்துக்குப் போய் ஜாடியையும் குழாய்த் துண்டுகளையும் எடுத்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டாள். செய்தி கேட்டுப் பறவையைப் பார்க்கத் தீவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து குவிந்தவர்கள் ஐந்து மணிக்கு வெறும் வரப்பைப் பார்த்துவிட்டு லெயாந்த்ரோஸுக்குப் போன் போட்டார்கள். "கெழக்க ஆத்துப் பக்கம் பறந்திருக்கும். காலையிலேயே அதுக்குக் கெளம்பற நெனப்பு இருந்துச்சு, பாத்தாலே தெரிஞ்சுது" என்றார் அவர், சற்றும் கூசாமல்.

ஆறரைக்குப் பட்டியல். அன்று கூடம் நிறைந்திருந்தது. இக்னாத்திஸ் எல்லோருக்கும் ஊசோ என்ற சோம்புச் சாராயம் ஊற்றினான். பெயர்கள் வரிசையாக வந்தன. பூநாரை, உண்டு. பவளக்காலி, உண்டு. கருநாரை, உண்டு. கடைசியாக லெயாந்த்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெள்ளைவால் ஆள்காட்டி" என்றார்.

"உண்டு." "உண்டு." "உண்டு." ஏழு உண்டுகள்.

"இல்லை" என்றார் பொலிக்சேனி.

"பரவாயில்ல டாக்டரம்மா. அடுத்த வருஷம் பறவைப் பாட்டுக் கேக்கற டூர் ஒண்ணு போடுவோம், அதுக்கு வாங்க. அதுக்குக் கண்ணு வேண்டியதில்ல."

ஒருவர் இருவர் சிரித்தார்கள். லெயாந்த்ரோஸ் புது நோட்டை இழுத்து, கொட்டை எழுத்தில் அரைப் பக்கம் எழுதி, அதை வாசித்தும் காட்டினார். எழுபது மீட்டர் தூரம். இருபது நிமிடம் பார்வையில் இருந்தது. இறகு கோதியது. சிறிது தூரம் பறந்தபோது கறுப்புப் பட்டையே இல்லாத தூய வெள்ளை வால் தெளிவாகத் தெரிந்தது. கீழே குழுத் தலைவர் என்று போட்டுக் கையெழுத்து. தேதி.

மை காயும்வரை மிர்சினி காத்திருந்தாள். பிறகு சாக்கை மேசைமேல் வைத்து, மஞ்சள் குழாய்த் துண்டுகளைக் கோப்பைகளுக்கு நடுவே நட்டமாகப் பிடித்து, அவற்றின் மேல் ஜாடியைச் சாய்த்தாள்.

"இந்தாங்க உங்க பறவை" என்றாள். "வாலை மட்டும் காட்டுங்க, பாக்கலாம்."

சரந்தோஸ் கேமராவைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினார், ஜாடியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். உடைந்த கைப்பிடியின் முனை இரண்டிலும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அசடு வழிந்தது. லெயாந்த்ரோஸின் முகத்தில் ஈயாடவில்லை.

மிர்சினிக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இனித்தது. ஒளிப்பானேன்? இருபத்தேழு வருடத்துக் கசப்பும் அந்த ஒரு நிமிடத்தில் நாக்கில் இனித்தது. அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. 'நான் பார்க்காமலே அடித்தேன்.' அவ்வளவுதான். இல்லேன்னா இன்னிக்கு நீங்க எழுதின பக்கமும் இந்த ஜாடியோட போட்டோவும் நாளைக்கே உங்க இதழுக்குப் போகும்."

ஆனால் லெயாந்த்ரோஸ் சும்மா தலைவராகவில்லை. ரத்தம் முகத்துக்குத் திரும்பியதும் மேசையில் குத்தினார்.

"அனுப்புடி! அனுப்பு! ஆள்காட்டின்னு சொல்லிக் கூப்பிட்டது யாரு? நீ! ஜாடிய வெச்சு ஏமாத்தினது யாரு? நீ! அன்னிக்கும் ஏமாத்துக்காரி, இன்னிக்கும் ஏமாத்துக்காரி. ஆறு சாட்சி இருக்கு எனக்கு. சொல்லுங்கய்யா, இவதானே ஆள்காட்டின்னு சொன்னா?"

மிர்சினி எதிர்பார்க்காதது நடந்தது. எல்லோருமே "உண்டு" சொன்னவர்கள். ஜாடியின் தலை திரும்பியதைப் பார்த்தவர்கள். ஏமாந்தோம் என்பதைவிட ஏமாற்றப்பட்டோம் என்பது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

"ஆமா, அவங்கதான் சொன்ன மாதிரி ஞாபகம்" என்றார் சரந்தோஸ், கேமராவை மூடிக்கொண்டே. "சொன்னாங்க, சொன்னாங்க" என்றார் இன்னொருவர். "நம்பி வந்தவங்கள இப்படியா பண்ணுவாங்க?" என்றது மூன்றாவது குரல். இனி ஊர் முழுக்க என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னது பொய்யோ மெய்யோ என்று யாராவது சந்தேகப்பட்டிருந்தால், அவர்களும் இனி சந்தேகப்பட மாட்டார்கள்.

"டாக்டரம்மாவக் கேளுங்க" என்றான் இக்னாத்திஸ். "அவங்க மட்டுந்தானே இல்லைன்னு சொன்னாங்க."

எல்லோரும் பொலிக்சேனியைப் பார்த்தார்கள். அவர் ஜாடியைப் பக்கத்தில் இழுத்து, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிர்சினி ஒரு வார்த்தை சொல்லல" என்றார். "நான் பக்கத்துல நின்னேன். பேர் வெச்சது லெயாந்த்ரோஸ். பறந்துச்சுன்னு சொன்னது லெயாந்த்ரோஸ். வாலப் பாத்தது லெயாந்த்ரோஸும் சரந்தோஸும். இத எங்க வேணா எழுதித் தர்றேன், எந்தச் சபையில வேணா வந்து சொல்றேன். நாப்பது வருஷம் வாய்க்குள்ள பாத்தவ நான், யாரு வாயில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

சரந்தோஸ் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா சொல்றது சரிதான்" என்று முணுமுணுத்தார். அவர் உடைந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். லெயாந்த்ரோஸ் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்தார். பிறகு எழுதினார். மிர்சினி சொன்ன மூன்றே வார்த்தை, எழுத்து எழுத்தாக. கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை நின்றது. எழுந்து மாடிக்குப் போனார். காலைக் கப்பலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று இக்னாத்திஸைக் கேட்கும் குரல் படியிலிருந்து கேட்டது.

மிர்சினி அந்த வரியை மூன்று முறை படித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொலிக்சேனியின் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அவர் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

"இது ஜாடின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"அப்ப மத்தியானம் வண்டியில நான் கேட்டப்ப?"

மிர்சினி குழாய்த் துண்டுகளை எடுத்துச் சாக்கில் போடத் தொடங்கினாள்.

"நீ இறங்கிப் போனதும் மகனுக்குப் போன் பண்ணினேன்" என்றார் பொலிக்சேனி. "வலது கண்ணும் போச்சுடா, எல்லாருக்கும் தெரியறது எனக்குத் தெரியல, இனிமே தனியா இருக்க முடியாது, வீட்ட என்ன செய்யணுமோ செஞ்சுக்கோன்னு சொல்லிட்டேன். அவன் அப்படியே சந்தோஷப்பட்டான். இப்பவே வீட்ட வாங்க ஆளப் பாக்கறேம்மான்னான். நாளைக்கு நான் போய், 'இல்லடா, அது ஜாடி'ன்னு சொன்னா, கெழவிக்கு மூளையும் போச்சுன்னுதான் நெனப்பான்."

"டாக்டரம்மா, அந்த லெயாந்த்ரோஸ் என்னை..."

"அவன் உன்னப் பண்ணினது பெரிய பாவம். அவனுக்கு இது வேணும். இன்னும்கூட வேணும். ஆனா நான் உன்ன என்ன பண்ணினேன்? அந்த ஆளு கண்ண நான் நம்பல. இவங்க யாரு கண்ணையும் நம்பல. உன் தொலைநோக்கிய நம்பினேன். அதனாலதான் என் கண்ணு போச்சுன்னு நெனச்சேன்."

அவர் எழுந்து, ஊசோ கோப்பையைத் தொடாமல், அறைக்குப் போனார்.

மிர்சினி அன்று பழி வாங்கியதற்காக வருத்தப்பட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லெயாந்த்ரோஸ் இன்னொரு முறை வந்தால் இன்னொரு ஜாடியைக் காட்டுவாள். நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். இரவெல்லாம் அந்த வரியை நினைத்துப் பார்த்தாள். ஆனால் வரிக்குப் பதிலாக, சத்தமில்லாமல் அழுத முகம்தான் வந்தது.

காலையில் ஏழு பேரோடு வண்டி ஆற்றங்கரைக்குப் போனது. தண்ணீரில் ஒரு பறவை நின்றது; சிவந்த நெடுங்கால்கள், கறுப்பு இறக்கை, குழந்தைகூடச் சொல்லிவிடும். மிர்சினி தொலைநோக்கியை நிறுத்தினாள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பொலிக்சேனி தள்ளி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா" என்று கூப்பிட்டாள் மிர்சினி. அத்தனை வருடத்தில் முதல் முறையாக, யாரும் கேட்காமல், பெயரைத் தானே சொன்னாள். "அது பவளக்காலி. சத்தியமா பவளக்காலிதான். வந்து பாருங்க."

"இருக்கலாம்" என்றார் பொலிக்சேனி. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அது பறவைதானா என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கத் தண்ணீரோரமாக நடக்கத் தொடங்கினார்.